இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ஒரு கருத்து

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கடிதங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு என்பது நிச்சயம்; அச்சிட்ட அறிக்கையில் இருக்கிறது. அன்று ஒடிலியா அழுதாள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவள் அழுகிற ஆள் இல்லை. அவளுடைய அத்தை செனோபியா சிரித்தாள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதுகூட நான் பார்த்ததா, ஒடிலியா சொல்லிக் கேட்டதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சான் எலோய் எல்லைச் சாவடியைப் பெரிதாக்க வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் மறுப்பில்லை. தக்காளியும் வெள்ளரியும் ஏற்றிய லாரிகள் தெற்கிலிருந்து வந்து மைல் கணக்கில் நின்றன. அந்தப் பக்கம் மலிவாகப் பல் பிடுங்கிக்கொள்ளப் போனவர்கள் திரும்பிவர மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். தகராறு ஒன்றே ஒன்றில்தான். சோதனை முடிந்த லாரிகள் எந்த வழியாக ஊரைவிட்டு வெளியேறுவது? முதல் திட்டத்தில் அந்தச் சாலை மெஸ்கீட் தெரு வீடுகளின் பின்சுவரை ஒட்டிப் போனது. இரண்டாவது திட்டத்தில், கைவிடப்பட்ட ரயில் நிலத்தின் வழியாகப் போனது. அது கொஞ்சம் சுற்று.

செனோபியாவின் வீடு மெஸ்கீட் தெருவில் மூன்றாவது. படுக்கையறை ஜன்னலிலிருந்து பின்சுவர் பத்தடி. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஏப்ரன் பையில் ஒரு பக்கம் கரண்டி, இன்னொரு பக்கம் மூச்சு வாங்கினால் உறிஞ்சும் மருந்துக் குழல். நின்றுகொண்டிருக்கும் லாரிகளின் புகையே மாலையில் அவளை உட்கார வைத்துவிடும். சுவருக்குப் பின்னாலேயே நாளுக்கு எழுநூறு லாரி என்றால் அந்த வீட்டில் அவளால் இருக்க முடியாது. இது தெருவுக்கே தெரியும்.

கட்டுவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை வெளியிட்டு, நாற்பத்தைந்து நாள் மக்களின் கருத்துகளை வாங்க வேண்டும். அந்த அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்தில்தான் ஒடிலியாவுக்கு வேலை. வருகிற கடிதங்களைப் படித்து, வகை பிரித்து, எண் போட்டு, பதில் எழுதித் தருவது அவள் பொறுப்பு. அந்த ஊரில் பிறந்தவள் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். அவளுடைய அம்மா எல்லைக்கு அப்பால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்களில் அவளை வளர்த்தவள் செனோபியா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை ஆரம்பித்தாள்.

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? என்ன எழுதணும்னு நீயே எழுதிக் குடுடி."

"நான் எழுதக் கூடாது அத்தை. படிக்கிறதே நான்தான்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நீ எழுதினது உனக்குப் புரியாமப் போகுமா?"

"வெளையாடாதீங்க. வேலை போயிரும்."

"எனக்கு இங்கிலீஷ்ல 'பிளேட்டை வெச்சுட்டுப் போ'ன்னு சொல்லத்தான் தெரியும். அதை எழுதி அனுப்பட்டுமா?"

ஒடிலியா எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூட மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில், அரைப் பக்கம். மரியாதையாக, தெளிவாக, இரண்டாவது திட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. நல்ல கடிதம்தான். அத்தை அதை மாதா கோயில் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்தாள். பூசை முடிந்து வந்தவர்களை வாசலிலேயே மறித்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க. ஓரத்துல யாராவது கிறுக்கினீங்க, கைய ஒடிச்சிருவேன்."

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை தெருமுனையில் வண்டிகளை நிற்கச் சொல்லும் பலகை கேட்டு ஊரே மனு கொடுத்தது. எவனோ ஓரத்தில் மேயருடைய தாயாரைப் பற்றி இரண்டு வரி எழுதி வைத்தான். பலகை வரவில்லை. அதிலிருந்து சான் எலோய்க்காரர்கள் ஒன்றைக் கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தைகளில்தான் கேட்பார்கள். வேறு மாதிரி எழுதுகிறவன் தன்னைக் காட்டிக்கொள்கிறவன், இல்லையென்றால் காரியத்தைக் கெடுக்க வந்தவன்.

நாற்பத்தைந்தாவது நாள் முடிந்து, கடிதங்கள் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தன. ஒடிலியா பெட்டியைத் திறந்தாள். எல்லாம் அவளுடைய வாக்கியங்கள். முதல் பத்தைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பதாவதில் அவள் கை நின்றது. ஒரே வாசகத்தில் வரும் கடிதங்களைப் பற்றிய விதியைப் பயிற்சி நாட்களில் கையேட்டில் படித்திருந்தாள், அடிக்கோடுகூடப் போட்டிருந்தாள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் பாலைவனத்துப் பாலங்களுக்கான அறிக்கைகள். பத்துக் கடிதம் வந்தால் அதிகம். அந்த விதியையும் தன் தெருவையும் ஒன்றாக வைத்து அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்த மேலாளர் வெண்டலுக்குத் தொலைபேசியில் சொன்னாள். தான் எழுதிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

அவர், "எழுதிக் குடுத்ததை நான் கேக்கல. நீயும் சொல்லல. ஆனா ஒரே வாசகம்னா ஒண்ணுதான், ஒடிலியா," என்றார்.

"இருநூத்திப் பன்னெண்டு பேர் வெண்டல்."

"தெரியும். பேரெல்லாம் பின்னிணைப்புல போடுவோம். கருத்துன்னு எண் போடுறது ஒண்ணுக்குத்தான். இது ஓட்டெடுப்பு இல்லம்மா. எத்தனை பேர்னு பாக்குறது இல்ல, என்ன சொல்றாங்கன்னுதான் பாக்குறது. பிடிக்கலைன்னு சொன்னா 'குறித்துக்கொண்டோம்'னு ஒரு வரி பதில். நாம விட்டுட்ட விஷயம் எதையாவது சொன்னா, அதுக்குத்தான் ஆராய்ச்சி பண்ணிப் பதில் சொல்லியாகணும்."

"கடைசி நாளைத் தள்ளிப்போட முடியாதா?"

"முடியாது." பிறகு அவரே சொன்னார்: "யாராவது கையால புது விஷயம் எதையாவது சேர்த்து எழுதியிருந்தா, அது தனிக் கருத்து. தேடிப் பாரு."

இரண்டு நாள் தேடினாள். ஒவ்வொரு தாளாக எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, கீழே வைத்தாள். வெற்று ஓரங்கள். அத்தையின் மிரட்டல் நன்றாக வேலை செய்திருந்தது. தெரிந்த கையெழுத்துகள் வந்துகொண்டே இருந்தன: அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தூக்கிப் பிடித்தவள், பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவள், மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோன கணவனின் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்த விதவை. தன்னுடைய சொற்களுக்குக் கீழே அவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. மதியத்தில் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஒரு தாளைக் கையில் வைத்தபடியே இருந்தாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எட்டுத் தாள்களில் எழுத்து இருந்தது. ஏழில் 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக', அதைப் போன்றவை. எட்டாவது ருதீலியோவுடையது. அவர் மெஸ்கீட் தெருவின் கோடி வீட்டுக்காரர். நகரத் தண்ணீர்த் துறையில் முப்பது வருடம் குழாய் பதித்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் செய்வது அவருடைய சுபாவம். பின்பக்கம் முழுவதும் கட்டைப் பேனாவால் எழுதியிருந்தார்: 'உங்கள் படத்தில் ஓடையைக் காணவில்லை. அதை மூடிக் குழாய் போட்டது நாங்கள்தான். குழாய் சிறியது என்று அன்றே சொன்னேன். எண்பத்து மூன்றாம் வருடம் அக்டோபரில் தண்ணீர் என் வீட்டு மூன்றாம் படிவரை வந்தது. அடையாளத்துக்கு ஆணி அடித்திருக்கிறேன். நீங்கள் இங்கே கான்கிரீட் போட்டால் தண்ணீர் எங்கே போகும்?'

ஒடிலியா அறிக்கையைப் புரட்டிப் பார்த்தாள். ஓடை இல்லை. யாருமே கவனிக்கவில்லை; அவளும்தான், அதன்மேல் விளையாடி வளர்ந்தவள். அந்தத் தாளுக்கு முப்பத்தேழு என்று எண் போட்டாள். மற்ற எல்லாக் கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே எண், முப்பத்தாறு; அதற்கு முந்தைய எண்கள் அரசுத் துறைகள் அனுப்பியவற்றுக்குப் போயிருந்தன.

ஓடை இருக்கும் இடத்தில் சாலை போட முடியாது, இரண்டாவது திட்டத்துக்குத்தான் போயாக வேண்டும் என்று நினைத்தாள். நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் படத்தை எடுத்துப் பார்த்தபோது, மிகத் தாழ்ந்த நிலத்தைக் காட்டும் கோடு மெஸ்கீட் தெருவின் கடைசி ஆறு வீடுகளைச் சுற்றி ஒரு வளையம்போல் கிடந்தது. தெருவில் வீடுகளே எட்டுத்தான். அதைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு படத்தை மடித்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அத்தையிடம் போனாள். செனோபியா மேசையில் பீன்ஸைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணா?" என்றாள் அத்தை.

"ஒண்ணு."

"இருநூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம்டி."

"ஒரே மாதிரி இருந்தா ஒண்ணுதான் அத்தை. எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்."

அத்தை கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. மேசையின் ஒரு பக்கக் குவியல் முழுவதும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் அவள் சிரித்தாள்.

"அப்ப பூசையில நாம எல்லாரும் சேர்ந்து சொல்ற ஜெபம் கடவுளுக்கு ஒண்ணாத்தான் போய்ச் சேருதா? அம்பத்தஞ்சு வருஷமா சும்மா வாயசைச்சிருக்கேன் பாரு."

சிரிப்பு இருமலில் முடிந்தது. குழலை எடுத்து உறிஞ்சினாள். ஒடிலியா ருதீலியோவின் தாளைப் பற்றிச் சொன்னதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

"யோவ் ருதீலியோ! கிறுக்காதேன்னு சொன்னேன்ல?"

அவர் தன் படியில் உட்கார்ந்து பழைய வானொலியைப் பிரித்துப் போட்டிருந்தார். "நீ யாரு எனக்குச் சொல்ல? உன் அதிகாரத்தையெல்லாம் தட்டு ஏந்தி நிக்கிற புள்ளைங்ககிட்ட வெச்சுக்க."

"உன் கிறுக்கலைத்தான் மதிச்சிருக்காங்களாம்!"

"பின்ன? மத்தவனெல்லாம் என்னத்த எழுதினான்? உன் அண்ணன் பொண்ணு எழுதினதுக்குக் கீழ பேரைப் போட்டான். எனக்கு அந்த நடை பிடிக்கல. ரொம்பப் பணிவு."

ஒடிலியாவுக்கு முகம் சுட்டது. "எனக்கு அந்த ஆணியைக் காட்டுங்க ஐயா," என்றாள்.

வாசல் தூணில், மூன்றாம் படியின் உயரத்தில், துருப்பிடித்த ஆணி இருந்தது. அளந்து குறித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடிலியா, தண்ணி எங்க போகும்னு கேட்டிருக்கேன். அவங்க என்ன பதில் சொல்லுவாங்க?"

"ரோட்டை அந்தப் பக்கம் மாத்துவாங்கன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

அவள் அளவுக் குறிப்பைப் பையில் வைத்தாள். மடித்து வைத்த படம் பையில் இருந்தது.

இறுதி அறிக்கை வர எட்டு மாதம் ஆனது. முப்பத்தாறாம் கருத்துக்குப் பதில் ஒரு வரி: குறித்துக்கொண்டோம். முப்பத்தேழாம் கருத்துக்குப் பதில் நான்கு பக்கம், இரண்டு வரைபடம். நீரியல் பொறியாளர்கள் வந்து அளந்திருந்தார்கள். குழாய் சிறியது என்று ருதீலியோ சொன்னது சரி. ஆணியின் உயரம்கூடச் சரி. ரயில் நிலத்தின் மண்ணில் பழைய எண்ணெய்க் கசிவு இருப்பதால் முதல் திட்டமே தேர்ந்தெடுக்கப்பட்டது. மழைநீர் தேங்குவதற்கு ஒரு பெரிய பள்ளம் தோண்டப்படும்; அதற்கு ஏற்ற இடம், இருப்பதிலேயே தாழ்ந்த நிலம், மெஸ்கீட் தெருவின் கடைசி ஆறு வீடுகள்; அவை கையகப்படுத்தப்படும். கருத்துத் தெரிவித்தவருக்கு நன்றி.

அந்தப் பதிலின் முதல் வரைவை எழுதியவள் ஒடிலியா. அது அவள் பொறுப்பு.

அறிக்கையை அவளே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். அத்தை கேட்டுவிட்டு, "அந்த நன்றி நீ போட்டதா, அவங்க போட்டதா?" என்றாள்.

"எல்லாத்துலயும் போடுறது அத்தை."

"சரி. சாப்பிட்டியா?"

சாவடி இப்போது பன்னிரண்டு தடங்களோடு இயங்குகிறது. வரிசை நாற்பது நிமிடத்துக்கு மேல் போவதில்லை. செனோபியா ஊருக்கு வடக்கே மேட்டில் ஒரு வீட்டில் இருக்கிறாள். மூச்சு பரவாயில்லை. பள்ளிக்குப் பேருந்தில் போய்வருகிறாள், இன்னும் ஓய்வு பெறவில்லை. ருதீலியோ வீட்டைக் காலி செய்த அன்று ஆணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு தன் தங்கை ஊருக்குப் போனார். போன வருடம் அங்கேயே இறந்தார். தெருவில் மிஞ்சிய இரண்டு வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்றில் லாரி ஓட்டுநர்கள் தங்குகிறார்கள். வெண்டல் வேலையை விட்டுவிட்டார். ஒடிலியா அதே வேலையில்தான் இருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறாள். பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். தோண்டியதிலிருந்து அதில் தண்ணீர் நின்றதில்லை.