சுள்ளிக்கல் நிறுத்தம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொரு வீட்டையும் சேர்த்துக் கெடுத்தேன்.

என் பேர் வீரலட்சுமி. மட்டாஞ்சேரியில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான பகல் மையத்தில், வேனில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஆயா.

சுள்ளிக்கல்லில் ஏறுகிற திரிபுரசுந்தரி வலிப்பு வந்து தூக்கத்திலேயே போய்விட்டாள். முப்பத்தொரு வயசு. பக்கத்து சீட்டு ராமபத்ரனிடம் அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. அவள் வீட்டைத் தாண்டினாலே, "சுந்தரி ஏறலை, சுந்தரி ஏறலை" என்று கூச்சல் போடுவான். மூன்றாம் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனை நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, "இந்தா, ஏறிட்டா. தள்ளி உக்காரு" என்றேன். தள்ளி உட்கார்ந்தான். அப்பாடா என்றிருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் இதே கூத்துதான். வேனைக் கண்டதும் சுந்தரியின் அம்மா பாக்கியலக்ஷ்மி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று பாவி நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் ராமபத்ரனுக்குச் சாயங்காலமானால் வெறி பிடித்தது. தன் வீடு வந்தாலும் இறங்க மாட்டான். கண்ணாடியில் தலையை மோதுவான். என் கையைக் கடித்தும் விட்டான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அவனை வைத்துக்கொள்ள முடியாது என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். மையம் இல்லையென்றால், அண்ணன்காரன் அவனை அறையில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். முன்னேயும் அப்படித்தான் கிடந்தான்.

நேற்றுச் சாயங்காலமும் ஆரம்பித்தான். "என்னதான்பா வேணும் உனக்கு?" என்று கத்தினேன்.

காலி சீட்டைக் காட்டினான். "தினம் ஏத்தறேள். ஒரு நாளாவது எறக்கினேளா? அவ ஆத்துக்குப் போகணும்னு அழறா."



"எந்தா சேச்சி இது!" என்று சிலுவை போட்டுக்கொண்டு, டிரைவர் சேவியர் சுள்ளிக்கல்லுக்கு வண்டியைத் திருப்பினார்.

கதவைத் திறந்தேன். "சுந்தரி, உங்க ஆம் வந்தாச்சு. எறங்கு" என்றான் ராமபத்ரன். சத்தம் கேட்டு வெளியே வந்த பாக்கியலக்ஷ்மியிடம், "மாமி, கொண்டுவிட்டாச்சு" என்றான். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவளோ கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

இன்று காலை ராமபத்ரன் சாதுவாக ஏறி, இரண்டு சீட்டையும் அடைத்து உட்கார்ந்துகொண்டான். "இனிமே அங்க நிறுத்த வேண்டாம் சேட்டா" என்று சேவியரிடம் சொன்னேன். ராமபத்ரன் கூச்சல் போடவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

சுள்ளிக்கல் திரும்பினால், பாக்கியலக்ஷ்மி வாசலில் நிற்கிறாள். கையில் டிபன் பை. எங்களைப் பார்த்து நிறுத்தும்படி கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சீக்கிரம் வாடீ, வேன் வந்தாச்சு!"