கட்டைவிரல் சம்மதம்

வள்ளூரில் ஸ்டீவன் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து பல் விளக்குவான், ஒரு டம்ளர் டீ போட்டுக் குடிப்பான், பிறகு இருபத்து நான்கு ஹெட்செட்டுகளையும் பாயில் வரிசையாக வைத்து அவற்றிலிருந்து செவ்வாய்க் கிரகத்து மண்ணைத் தட்டுவான். ஒன்றுக்கு அரைக் கைப்பிடி தேறும். திங்கட்கிழமைகளில் மண் இருக்காது, முந்தின நாள் பள்ளிக்கூடம் இல்லாததால். அதன்பின் பட்டைகளில் ஏறிய தேங்காயெண்ணெயைத் துடைப்பான், கண்ணாடி வில்லைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பான், பேன் இருக்கிறதா என்று பார்ப்பான். மண்ணை முறத்தில் கூட்டி வாசலில் வைத்தால் பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி பாத்திரம் தேய்க்க எடுத்துப் போவாள். "கடைல விக்கிற பவுடரு இதுகிட்ட நிக்காது" என்பாள். நிலக்கரி லாரிகள் போகிற ஊர் அது. கொடியில் காயும் துணியில் கருப்புத் தூசி படிவது சகஜம். சிவப்பிலும் கொஞ்சம் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்று ஊருக்கு நல்லது செய்வதற்காக கண்ணையும் காதையும் மூடி மாட்டும் அந்த வி.ஆர். ஹெட்செட்டுகளை வாங்கி, அரசுப் பள்ளிகளில் விண்வெளிப் பாடம் நடத்த, இயற்பியல் படித்த ஸ்டீவனை வேலைக்கு வைத்திருந்தது. முதல் இரண்டு மாதங்கள் பாடம் பாடமாகவே நடந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து செவ்வாய்க்குப் போய்வந்த பிள்ளைகளின் காலுறையில் மண் இருந்தது. நிலாவுக்குப் போய்வந்தவர்கள் அரை மணி நேரம் ஆறில் ஒரு பங்கு எடையோடு திரிந்தார்கள். அத்திப்பட்டுப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் மோகன்ராஜ் அந்த அரை மணியில் நீளம் தாண்டும் போட்டியை வைத்துவிட்டார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதினெட்டு மீட்டர் தாண்டி மதில்மேல் உட்கார்ந்தாள். அந்தத் தூரம் செல்லாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். மோகன்ராஜ் ஒரு வருடம் மனு எழுதினார். வியாழன் பாடத்தில் எடை கூடி இரண்டு பெஞ்சுகள் உடைந்ததால், அந்தப் பாடம் மட்டும் தரையில் உட்காரவைத்து நடத்தப்பட்டது.

ஹெட்செட் போட்டவருக்கு வெளியே பேசுவது கேட்காது. ஆகவே ஒரு வழக்கம் இருந்தது: தோளில் இரண்டு முறை தட்டினால் உள்ளே இருப்பவர் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். தலைசுற்றவில்லை, வாந்தி வரவில்லை, எல்லாம் சரி என்று அர்த்தம். சில மாதங்களில் அது ஸ்டீவனின் உடம்பில் ஊறிவிட்டது. யார் தட்டினாலும் விரல் தானாக எழும்.

2023 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, புதிதாக வந்த சனிக்கிரகப் பாடத்தை அவன் வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தான். வளையங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது அவன் மனைவி ஜெபா தோளில் இரண்டு முறை தட்டி ஏதோ சொன்னாள். அவன் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் கிளம்பி, அத்திப்பட்டு ஸ்டேஷனில் ஆறு ஐம்பது ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனாள். பத்தே காலுக்குப் பேக்கிங் மேஜையருகே தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. வயது இருபத்தாறு. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவளோடு ரயிலில் போகும் ஷைனி வந்தாள். "அன்னிக்கி வழி பூரா அதே பேச்சுதான் அண்ணே. 'ஒத்துக்கினாரு, வாயே தொறக்காம ஒத்துக்கினாரு'ன்னு சிரிச்சிக்கினே வந்துச்சு" என்றாள். எதற்கு ஒத்துக்கொண்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. "புருஷன் பொண்டாட்டி விஷயம், நான் இன்னாத்துக்கு நோண்டணும்னு உட்டுட்டேன்."

அதிலிருந்து ஸ்டீவன், தான் எதற்குச் சம்மதித்தோம் என்று தேடத் தொடங்கினான். அவள் எப்போதோ கேட்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்தான். சமையலறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தான். அவள் தம்பியை ஐ.டி.ஐ.யில் சேர்த்தான். பதினொரு நாள் வேளாங்கண்ணிக்கு நடந்தான். மீசையை எடுத்தான். கோழி வளர்த்தான். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பான். இதுவல்ல என்று தெரிந்துவிடும். மீசை திரும்ப வளர்ந்தது. சனிப் பாடத்தை மட்டும் அவன் மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்து நிற்பான்.

2025 மார்ச்சில், அத்திப்பட்டுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு சோனியா, முடியெல்லாம் பனித்தூளோடு சனியிலிருந்து திரும்பி வந்து, "சார், அங்க ஒரு அக்கா பேசுது" என்றாள்.

"காத்து இல்லாத எடத்துல சத்தம் எப்படிம்மா வரும்? போன வாரம்தானே நடத்துனேன்?"

"அத அந்தக்காகிட்ட சொல்லுங்க சார்."

வகுப்பு சிரித்தது. ஸ்டீவன் பாடத்தின் ஒலிப்பதிவைச் சோதித்தான். அதில் இருந்தது ஓர் ஆணின் குரல் மட்டுமே. மற்றப் பிள்ளைகளும் போய்வந்து அதையே சொன்னார்கள். மறுவாரம் வள்ளூரில் சொன்னார்கள், அதற்கடுத்த வாரம் மீஞ்சூரில். வளையத்தின் உள்விளிம்பில் ஒரு பெண் பேசுகிறாள், சொற்கள் பிடிபடவில்லை. சோனியா மூன்று முறை போய்ப் பார்த்தாள். "கிட்டப் போனா நிறுத்திக்குது சார். நம்ம மூஞ்சியப் பாத்துட்டு, அய்ய, இவங்க இல்லன்னு நெனச்சிக்குது போல."

அன்றைக்குத்தான் ஸ்டீவன் கட்டைவிரல் விஷயத்தை முதன்முறையாக வெளியே சொன்னான், அத்திப்பட்டுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை குணசுந்தரியிடம். அவர் அதிகம் யோசிக்கவில்லை. ஜெபா பேசியபோது அவன் இருந்தது சனியில், ஆகவே பேச்சும் அவனைத் தேடிச் சனிக்குத்தான் போயிருக்கும் என்றார். கரும்பலகையில் கணக்கும் போட்டார். "சத்தம் அதோட வேகத்துல போனா, போய்ச்சேர நூத்தி இருவது வருஷம் ஆவும் ஸ்டீவன். இது ரெண்டே வருஷத்துல போயிருக்கு." சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். "வண்டியப் புடிக்கிற அவசரத்துல பேசியிருப்பா."

அதன் பிறகும் மூன்று வாரம் அவன் போகவில்லை. என்னவென்று தெரியாதவரை எதையாவது செய்துகொண்டிருக்கலாம். அவள் இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியமாக அது இருந்துவிட்டால், அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. ஹெட்செட்டுகளை ஏற்றிப்போகும் வேனை ஓட்டும் ஆதிநாராயணனுக்கு இந்தத் தயக்கம் புரியவில்லை. "ரெண்டு வருஷமா ஒண்டியா நின்னு கத்திக்கினு கீது நைனா அந்தப் பொண்ணு. தொண்ட வத்திப் பூடும். போய் இன்னான்னு கேட்டுட்டு வாயேன்." ஏப்ரல் பத்தாம் தேதி கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. புது ஹெட்செட்டுகள் வரப்போகின்றன, புதுப் பாடங்கள். பழையவற்றைப் பாடங்களோடு அழிப்பதற்காக, மாதக் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை அத்திப்பட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் எட்டாம் வகுப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பிள்ளைகள் தட்டு கழுவிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சோனியா பெட்டியிலிருந்து துணித் தொப்பியை எடுத்து நீட்டினாள். "மொதல்ல இத்தப் போடுங்க சார், பேன் வரும். எங்களுக்கு மட்டுந்தான் ரூல்ஸா?" அவன் போட்டுக்கொண்டான். அவளே பட்டையை இறுக்கிவிட்டாள்.

சனி முன்பு பார்த்தபடியே இருந்தது. வெளிர் மஞ்சள், மேலே நிழல் கோடு, வளையத்தில் வீடு அளவிலும் உப்புக்கல் அளவிலும் பனிக்கட்டிகள். குளிர் சட்டைக்குள் இறங்கியது. நான்காம் நிமிடத்தில் உள்விளிம்புக்கு வந்தான். அங்கே தோளில் இரண்டு முறை தட்டல் விழுந்தது. வகுப்பில் இருந்தவர்கள் யாரும் அவனைத் தொடவில்லை. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கட்டைவிரல் எழவில்லை. அப்படியே எட்டு நிமிடம் இருந்தான்.

ஹெட்செட்டைக் கழற்றியபோது புருவத்திலும் மீசையிலும் பனி இருந்தது. "இன்னா சார் சொல்லுச்சு?" என்று சோனியா கேட்டாள். அவன் சொன்னான், ஒரு வார்த்தையும் மாற்றாமல். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டுகளை எண்ணிப் பெட்டியில் வைத்தான். திங்களன்று அவை கும்மிடிப்பூண்டிக்குப் போயின, அழிக்கப்பட்டன.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவன் பைக் சாவியை ஜோதிலட்சுமியிடம் கொடுத்துவிட்டு அத்திப்பட்டுப் பக்கம் நடந்து போனான். வழியில் ஆதிநாராயணன் வேனை நிறுத்தியும் ஏறவில்லை. இருட்டுவதற்குள் திரும்பி வந்தான், சாலையின் ஓரமாக, இடப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, மெதுவாக. பேசிக்கொண்டே வந்தான் என்று டீக்கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவன் விட்ட இடத்தில் வழிநெடுகப் பனித்தூள் சிந்திக் கிடந்தது. ஆடுகள் நக்கின, மீதி உருகியது. அன்றிலிருந்து வேலை நாட்களில் அந்தச் சாலையில் பனி கிடக்கிறது. சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் பார்த்து ஓட்டுகிறார்கள். ஜெபா கடைசியாகச் சொன்னது என்ன என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை, முப்பத்தோரு பிள்ளைகள் அதை ஸ்டீவன் வாயால் கேட்டிருக்கிறார்கள்:

"யோவ், சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாய்யா. வண்டிய எடுத்துக்கினு வராத. ரெண்டு பேரும் பேசிக்கினே ஊட்டுக்கு நடந்து போலாம்."