குரல் கொடுத்தவள்

"அம்மா, வீட்டுக் குரல்ல பேசும்மா, மானம் போகுது" என்று மகள் முழங்கையால் இடித்தபோது, அவள் கடைக்காரரிடம் அரை கிலோ தக்காளி கேட்டுக்கொண்டிருந்தாள். தக்காளி கேட்கவா அந்தத் தேன் குரல்? ஆனால் கொஞ்ச காலமாக அதுதான் முந்திக்கொண்டு வந்தது. லிஃப்டில் மாடி எண் சொல்வதற்கும் சலவை இயந்திர விளம்பரத்துக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவளை ஒரு தியானச் செயலி கூப்பிட்டு, "மூச்சை மெல்ல விடுங்கள்" என்று சொல்ல வைத்தது. சந்தா கட்டியவர்கள் அவளை 'அமைதி அம்மா' என்றார்கள். அந்தப் பெயரில் மெழுகுவத்தி, மெத்தை, மனநிலை காட்டும் கடிகாரம் எல்லாம் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்று அவளுக்கு இலவசம். வீட்டில் அமைதி நிறைந்து, கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அவள் கத்தினால் கணவர், "அமைதி அம்மா ஆரம்பிச்சுட்டாங்க, ஜன்னலைச் சாத்து" என்பார். அவளோ, தான் உள்ளுக்குள் நிஜமாகவே மாறிவிட்டதாக நம்பினாள். காலையில் கண்மூடி உட்காரும்போது தன் பதிவையே போட்டுக் கேட்டாள்.

தங்கை பேசாமல் போனதும் அந்தக் குரலால்தான். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கை, போனில் "அக்கா" என்று மட்டும்தான் சொன்னாள். "முதல்ல மூச்சை ஆழமா இழு" என்றாள் இவள், அதே தேன் குரலில். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் தங்கை எடுக்கவில்லை.

போன மாதம் செயலியின் மேலாளர் அவளை அழைத்து, காபி கொடுத்து, விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார். "இனிமே நீங்க அலையவே வேணாம் மேடம். உங்க குரலை வச்சு கம்ப்யூட்டரே பேசிடும்." போட்டும் காட்டினார். ஒரு பிசிறு இல்லை. அவளைவிட நன்றாக அவளாக இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்த ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து மெத்தையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால், எந்தக் குரலில் தன்னோடு பேசிக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்று மத்தியானம் பால்கனியில் நிற்கும்போது போன் அடித்தது. தங்கை.

"நீ நல்லாத்தானே இருக்க?" மூச்சு வாங்கியது தங்கைக்கு.

"இருக்கேன்டி. என்ன ஆச்சு?"

"அந்த ஆப்ல தினம் உன்னைக் கேப்பேன். காசு கட்டினா போதும், உன்கூடப் பேச வேண்டியதில்ல பாரு. முன்னாடியெல்லாம் நடுநடுவுல நீ எச்சில் முழுங்குற சத்தம் கேக்கும். இப்ப புதுசா வர்றதுல அது இல்லவே இல்ல. செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்."

பதமாக ஏதாவது சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "எருமை! கோவம்னா வந்து ரெண்டு அறை அறைய வேண்டியதுதானே? காசு கட்டியா என்னைக் கேக்கணும்?" என்று கத்தி, பாதியில் குரல் உடைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டாள். "அன்னிக்கு நான் கேக்கவே இல்ல... பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"பேர் யோசிச்சு வச்சிருந்தியா?"

தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்காவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை; திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, கரகரத்த தொண்டையோடு, அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை உரக்கச் சொன்னாள்.

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், யாரோ குழந்தையைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே தெருவில் தேடினாள்.