ஆபீஸ் வயசு, வூட்டு வயசு

லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே தேவயானி மேடம், "படிச்சத தினமும் வீட்டுக்குப் போயி ஒரு பக்கம் எழுதுங்க. எழுதாதவன் ஒருநாள் ஸ்லைடை மாத்தி வெப்பான்" என்றார். அன்றே ஒரு நோட்டு வாங்கிப் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தேன்: தெரிந்தது, சந்தேகம், கேட்க வேண்டியது. ஏழு மாதமாக நடுப் பத்திதான் நிரம்புகிறது.

பகலில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் ரெஜிஸ்டர் எழுதுகிறேன். மாலையில் இந்திரா நகரில் மேடத்தின் லேப். தங்குவது அக்கா வீட்டில், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அக்கா மலர்விழிக்கு முப்பத்திரண்டு வயது. மாமா தெய்வசிகாமணிக்கு நாற்பத்திரண்டு, சுரங்கத்தில் டோசர் ஓட்டுகிறார். இந்தப் பக்கத்தில் பெர்மனென்ட் ஆகாமல் பெண் கொடுக்க மாட்டார்கள். மாமா பதினைந்து வருடம் கான்ட்ராக்டில் இருந்து, பெர்மனென்ட் ஆன பிறகுதான் பெண் பார்த்தார். கல்யாணமாகி மூன்றரை வருடம். இன்னும் குழந்தை இல்லை.

அக்காவின் மருத்துவ ஃபைல் தலையணை உயரத்துக்கு வந்துவிட்டது. மூன்று முறை ஸ்கேன், ஹார்மோன் மாத்திரை, ஊசி. அடுத்து வயிற்றில் துளை போட்டு உள்ளே கேமராவால் பார்க்க வேண்டும் என்று கடலூர் டாக்டர் தேதி கொடுத்திருந்தார், பதினெட்டாம் தேதி. மாமாவுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு ஒன்றரை வருடமாக அவருடைய கேட் பாஸ் உறைக்குள் மடித்தபடி இருக்கிறது. கேட்டால், "ஷிப்டு இருக்குது மாப்ள. எனக்கென்னா கொறைச்சலு? டோசர்ல ஏறி எறங்கிக்கினுதான இருக்கறன்" என்பார்.

மூன்றாம் தேதி வகுப்பில் விந்துப் பரிசோதனை பாடம். படிவத்தின் இரண்டாவது வரியே வயது. அது எதற்கு என்று கேட்டேன்.

"பொம்பளைக்கு ஒரு வயசுல நின்னுடும்னு எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைக்கு நிக்கறதில்ல, அதனால ஒண்ணுமே ஆவாதுன்னு நெனச்சிக்கிறாங்க" என்றார் மேடம். "நாப்பது தாண்டினா அளவு கொறையும், அணுக்கள் நீந்துற வேகம் கொறையும், அதுக்குள்ள இருக்கற மரபுப் பொருள் சேதமாகறது கூடும். கொழந்த பொறக்காதுன்னு அர்த்தமில்ல. மாசக் கணக்குல ஆகவேண்டியது வருஷக் கணக்குல இழுக்கும். கரு தங்கினாலும் கலையறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. அதுக்குத்தான் டெஸ்ட்டு."

"நாப்பத்திரண்டு வயசுன்னா மேடம்?"

"யாருக்கு?"

"பொதுவா கேட்டேன்."

"சுபாஷு, ஒனக்கு இன்னும் இருவது வருஷம் இருக்குடா" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சிநேகிதர் வெள்ளைச்சாமி காடாம்புலியூரிலிருந்து பலாச்சுளையோடு வந்தார். அக்கா குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தாள். பேச்சுவாக்கில் வெள்ளைச்சாமி, "எனக்கு நாப்பத்தெட்டு ஆயிடுச்சி, கண்ணாடி போட்டாலும் பஸ் போர்டு தெரியல" என்றார். மாமா அவர் தோளில் தட்டி, "ஒண்ணாங் கிளாசுலேருந்து ஒரே பெஞ்சு மாப்ள. இவன் சிலேட்டை ஒடச்சதே நான்தான்" என்றார்.

அவர் போன பிறகு நோட்டில் கணக்குப் போட்டேன். வெள்ளைச்சாமி ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்திருந்தால், நாற்பத்திரண்டு வயது மாமா தான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே அவருடைய சிலேட்டை உடைத்திருக்கிறார். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் நான் தவறுவது வழக்கம்தான், ஆனால் மூன்று முறையும் ஒரே விடை வந்தது. நடுப் பத்தியில் எழுதிவைத்தேன்.

பதினொன்றாம் தேதி மாமாவிடம், "அக்கா வயித்துல ஓட்டை போடறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவ எங்க லேபுக்கு வந்து சாம்பிள் குடுத்துட்டுப் போங்க மாமா" என்றேன். அவர் வண்டி கழுவும் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு, "நீ இருப்பியா அங்க?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மாலை லேபுக்கு வந்தார். படிவம் எழுதுவது என் வேலை.

"வயசு மாமா?"

"நாப்பத்திரண்டு."

என் பேனா நின்றது. "வெள்ளைச்சாமி அண்ணனுக்கு நாப்பத்தெட்டுங்களே."

மாமா பின்னால் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் ஒரு கிழவரும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இருந்தார்கள். என் பக்கம் குனிந்து, "அது வூட்டு வயசுடா" என்றார். "சுரங்கத்துக்கு நெலம் குடுத்த குடும்பத்துக்கு வேலைன்னு லிஸ்ட்டு வந்தப்ப எனக்கு வயசு தாண்டிப்போச்சி. எங்கப்பா எங்கியோ போயி ஆறு வருஷம் கொறச்சி சர்ட்டிபிகேட் வாங்கியாந்துட்டாரு. ஆபீஸ் வயசு நாப்பத்திரண்டு. அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அதான் வயசுன்னு ஆயிப்போச்சி."

"அக்காவுக்கு?"

"பொண்ணு பாக்க வந்தப்பயும் அதான் சொன்னன்."

"டாக்டருக்கு?"

அவர் மறுபடி பெஞ்சுப் பக்கம் பார்த்தார்.

மேடம் உள்ளேயிருந்து வந்தார். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. "சார், இது ஆபீசுக்குப் போற பேப்பர் இல்ல. டாக்டருக்குப் போறது. ஒங்க ஒடம்புக்கு எந்த சர்ட்டிபிகேட்டும் தெரியாது" என்றார். நான் நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

டப்பாவைக் கையில் வாங்கிய மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, இவ்ளோ பெருசா? சாம்பாரா வாங்கறீங்க?"

மேடம் சட்டென்று மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அந்த ஸ்லைடை நான் எண்ணவில்லை. சொந்தக்காரருடையதை எண்ணினால் கண் தானாகக் கூட்டிவிடும் என்று பயம். மேடமே எண்ணினார். எண்ணிக்கை போதுமான அளவு இருந்தது. ஆனால் முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்குப் பத்தொன்பதுதான். குறைந்தது முப்பது இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டை வாங்கிய மாமா கடைசி வரியைப் படிக்கவில்லை. வயது இருந்த இடத்தில் விரலை வைத்தார். "மாப்ள, இத மட்டும் நாப்பத்திரண்டுன்னு மாத்தி இன்னொண்ணு அடிச்சிக் குடுடா. ஒங்கக்கா இதப் பாத்துடுவா."

கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். மாமா எனக்கு ஃபீஸ் கட்டியவர், ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டாதவர். நான் செய்தது சரியா என்று இப்போதும் முழுதாகத் தெரியவில்லை.

"மாத்த மாட்டேன் மாமா. நாப்பத்திரண்டுன்னு பாத்தா டாக்டர் இன்னும் பொறுக்கலாம்பாரு. தப்பெல்லாம் அக்கா பேர்லயே போவும். பதினெட்டாம் தேதி அக்காவத்தான் மேஜைமேல படுக்க வெப்பாங்க."

மாமா ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பதினாறாம் தேதி காலை, முதல் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மலரு, அடுப்ப அணைச்சிட்டு வா."

நான் வெளியே போக எழுந்தேன். "நீ இர்றா" என்றார். சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. சர்ட்டிபிகேட், அப்பா, லிஸ்ட், பத்தொன்பது, முப்பது எல்லாவற்றையும் தலைகீழாகக் கலந்து சொன்னார்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பதினாறு வருஷம் பெரியவரா நீங்க?" என்றாள்.

"ஆமாம்."

"அது கெடக்குது. இந்தச் சீட்டு ஒன்றர வருஷமா எங்க இருந்துது?"

மாமா கேட் பாஸ் உறையைத் தொட்டுக் காட்டினார்.

"நான் எத்தினி ஊசி போட்டுக்கினன், தெரியுமா ஒங்களுக்கு? ஒவ்வொரு தடவையும் ஒங்க ஆத்தா, 'அவளுக்குத்தான் ஏதோ'ன்னு சொல்றப்ப பக்கத்துல ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தீங்களே." அதன் பிறகு அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள், தட்டைச் சத்தமாக வைத்து.

மாலையில் ஃபைலைத் தேடினேன், டாக்டருக்கு ரிப்போர்ட்டைச் சேர்த்துவைக்கலாம் என்று. அக்கா முன்பே சேர்த்திருந்தாள். அட்டையில் இத்தனை நாளாக 'மலர்விழி, வயது 32' என்று மட்டும் இருந்தது. அதன் கீழே என் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தாள்: 'தெய்வசிகாமணி, வயது 48.'

பதினெட்டாம் தேதி கடலூர் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். கேமரா சோதனையைத் தள்ளிவைத்தார். புதிய அணுக்கள் உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதுவரை புகையிலையை விட வேண்டும், தூக்கமும் நடையும் வேண்டும், அனல் பறக்கும் டோசர் சீட்டில் ஒரேயடியாக உட்காரக் கூடாது, பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். "வயசை யாராலயும் கொறைக்க முடியாது. மத்ததுல கொஞ்சம் கொறைக்கலாம். அப்பவும் போதலேன்னா ஒதவி பண்ண வழி இருக்கு" என்றார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள். குறிஞ்சிப்பாடி தாண்டியதும், "புகையில பொட்டலத்தக் குடுங்க" என்று கையை நீட்டினாள். மாமா கொடுத்தார். இரண்டு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

மூன்று மாதத்தில் மாமா ஐந்து கிலோ இறங்கினார். காலையில் இருவரும் எங்கள் பிளாக்கைச் சுற்றி நடக்கிறார்கள், அக்கா இரண்டடி முன்னால். மாமியார் போன் செய்தால் அக்கா போனை அவரிடமே கொடுத்துவிடுகிறாள். "கொறை எங்கிட்டத்தாம்மா" என்று அவர் ஒருநாள் சொன்னதை நான் காதால் கேட்டேன். அன்றைக்கு நோட்டில் எழுதியது முதல் பத்தியில், 'தெரிந்தது' என்பதன் கீழே.

நேற்று மறுபரிசோதனை. லேபில் நல்ல கூட்டம். மாமாவின் ஷிப்டில் வேலை செய்யும் ஒருவரே வரிசையில் நின்றார். அக்காவும் வந்திருந்தாள். நான் படிவத்தை எடுத்தேன். கேட்க வாய் வரவில்லை. போன முறை எழுதியதையே பார்த்து எழுதிவிடலாம் என்று குனிந்தேன்.

"என்னாடா எழுதற?" என்றார் மாமா.

"நாப்பத்தெட்டு."

"போன மாசத்தோட நாப்பத்தொம்போது ஆயிடுச்சி. சரியா எழுது."

வரிசையில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மேடம் எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ நீயும் எண்ணு" என்றார். இரண்டு முறை எண்ணினேன். இருவருக்கும் நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது.