நாலு விரல் காற்று

ஈச்சம்பள்ளத்து மேனகா கடைசியாக உட்கார்ந்திருந்தது, கொடைக்கானலில் தன்னார்வலர் பயிற்சி முடிந்த மார்ச் மாத மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஏழு மாதம் அவள் எதன்மீதும் உட்காரவில்லை. அன்றைக்கு மலைப்பூண்டு கிலோ முந்நூற்று இருபதுக்குப் போனது, மறுநாள் முந்நூற்றுப் பத்துக்கு இறங்கியது. ஊரில் இந்த இரண்டு சங்கதியையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

ஈச்சம்பள்ளம், கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறைக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற முப்பத்தொரு வீடு. ஓடையின் குறுக்கே இரண்டு யூகலிப்டஸ் மரத்தை வெட்டிப் போட்டிருப்பார்கள். ஐப்பசி மழை வருடம் தவறாமல் அதை அடித்துக்கொண்டு போகும். தை பிறந்ததும் வேறு இரண்டு மரத்தை வெட்டிப் போடுவார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். இந்த ஊர்க்காரர்கள் அளக்காமலே போட்டார்கள். நடுவில் இருக்கிற இரண்டு மூன்று மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, காய்ச்சல்காரனுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. மேனகா எட்டாம் வகுப்போடு நின்றது இந்த ஓடையால்தான். இப்போது அவள் மகள் ரோகிணி எட்டாம் வகுப்பு. போன மழைக்கு ஐம்பத்திரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னொரு மழை இப்படிப் போனால் பிள்ளையும் தன்னோடு பூண்டுக் குவியலில்தான் வந்து உட்காரும் என்று மேனகாவுக்குத் தெரியும். அந்த நினைப்பு அவளைச் சோறு தின்னும்போதுகூட விடவில்லை.

ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் ஊர் வேலையைத் தாங்களே முன்னின்று நடத்தப் பழக்குவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் மூன்று நாள் பயிற்சி வைத்தது. தலைமைப் பண்பு பார்த்து மேனகாவை அனுப்பியதாக ஈச்சம்பள்ளத்துக்காரர்கள் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். பொய். எல்லாரும் உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்த வாரம் அது. அவள் ஒருத்திதான் சும்மா இருந்தாள்.

பயிற்சியில் இருபத்திரண்டு பேர். பந்தை எறிந்து பேர் சொன்னார்கள், கோலப்பொடியில் ஊர்ப் படம் போட்டார்கள், சார்ட் பேப்பரில் பிரச்சினைகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். பயிற்சி கொடுத்தவள் தமயந்தி என்ற டவுன்காரப் பெண். கடைசி நாள் ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டையும் பேனாவும் கொடுத்து, ஊருக்காக என்ன செய்யப் போகிறோம் என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். மரம் நடுவேன், பிளாஸ்டிக்கை ஒழிப்பேன் என்று மற்றவர்கள் எழுதினார்கள். மேனகா, “பாலம் வராம உக்கார மாட்டேன்” என்று எழுதினாள். ஈச்சம்பள்ளத்தில் இது வாய்க்கு வாய் புழங்குகிற பேச்சு. களை எடுக்காம உக்கார மாட்டேன், அவனை நாலு கேள்வி கேக்காம உக்கார மாட்டேன் என்று காலையில் சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஆனால் அந்த ஊரில் அதுவரைக்கும் யாரும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. அதுதான் மேனகா செய்த தப்பு.

அவள் எழுந்து நின்று வாசித்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். உட்காரப் போனபோது நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் நாலு விரல் கனத்துக்குக் காற்று நின்றது. அது அவளைத் தாங்கவில்லை, எழுப்பிவிட்டது. மூன்று தடவை பார்த்துவிட்டு, கூச்சத்தில் சுவரோரமாக நின்றுகொண்டாள். பஸ்ஸிலும் நின்றுதான் வந்தாள். அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை என்பதால் யாரும் அதைப் புதுமையாக எண்ணவில்லை.

வீட்டில் புருஷன் சோலைமுத்து, “நடிக்காத புள்ள” என்று தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். பிறகு அடியில் கையை வைத்துப் பார்த்தான். “கன்னுக்குட்டி முட்டுற மாதிரியில்ல முட்டுது” என்று வெளியே போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டான். நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம், உட்காரத்தான் முடியாது. படுப்பதற்கும் அவன் பிடித்து வெட்டுமரத்தைச் சாய்ப்பது போலச் சாய்க்க வேண்டும், காலையில் அதே மாதிரி நிமிர்த்த வேண்டும். மற்ற சோலிகளுக்கு என்ன செய்தாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அது அவ சோலி என்று ஊரில் பதில் சொல்லிவிடுவார்கள்.

பூண்டு வால் நறுக்குவது வட்டமாக உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த வேலை போயிற்று. எரு சுமக்கப் போனாள். சாயங்காலம் ஓரிடத்தில் நின்றால் கெண்டைக்கால் கடுத்தது, நடந்தால் தணிந்தது. ஆகவே நடந்தாள். முப்பத்தொரு வீட்டு வாசலுக்கும் போய்ப் பாலத்தைப் பற்றிப் பேசினாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, மழை எப்படி விளைச்சல் எப்படி என்று இழுத்தால் வந்த விஷயம் கரைந்துபோகும். இவளிடம் அது நடக்கவில்லை. நிற்கிறவளுக்குப் பதில் சொல்லாமல் கதவைச் சாத்த முடியாது. நாலே நாளில் முப்பத்தொரு வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது.

மே ஒன்றாம் தேதி கிராமசபை. பெண்கள் எல்லாரும் தார்ப்பாயில் உட்கார்ந்திருக்க, மேனகா மட்டும் நின்றாள். ஊராட்சி எழுத்தர் குருநாதன், “உக்காரும்மா” என்றார்.

“முடியலைங்க ஐயா.”

“அப்ப என்னமோ சொல்லணும்போல. சொல்லு.”

கூட்டத்தில் எழுந்து நிற்பது பேசுகிறவர்கள்தான். நின்றுவிட்ட பாவத்துக்கு மேனகா பேசினாள். ரோகிணியின் ஐம்பத்திரண்டு நாளையும், போன வருடம் பக்கத்து வீட்டு வேலுத்தாயின் மாமனாரை டோலி கட்டித் தூக்கிவந்து இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவில் பறிகொடுத்ததையும் சொல்லி முடித்தாள். தீர்மானம் எழுதினார்கள். ஆகஸ்டு பதினைந்திலும், அக்டோபர் இரண்டிலும் இதே மாதிரி நின்றாள், இதே மாதிரி பேசினாள், இதே மாதிரி எழுதினார்கள். நடுவில் மலை மேலும் கீழும் ஒன்பது அலுவலகம் ஏறி இறங்கினாள். எல்லா அலுவலகத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது. “முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம், போய் உக்காரும்மா.”

ஐப்பசி வந்தது. ஓடை மரங்களைக் கொண்டுபோயிற்று. ரோகிணி பையை ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு அவளுக்குத் தொடங்கிய மாதிரியும் இருந்தது, முடிந்த மாதிரியும் இருந்தது. ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், பிள்ளை சும்மாதானே இருக்கு, பூண்டு நறுக்க அனுப்பு என்று கேட்டுவிட்டுப் போனார். மேனகா கொட்டுகிற மழையில் கரைக்குப் போய், தண்ணீரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி வைதாள். வைது முடித்தும் ஆத்திரம் அடங்காமல் தன் காலைத் தானே அடித்துக்கொண்டாள்.

தை மாதம் தமயந்தி ஜீப்பில் வந்தாள். மேனகாவின் கால் வீங்கிப் பனங்கொட்டை போலக் கெண்டை திரண்டிருப்பதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். பத்து மாதமாக அவளுக்கும் தூக்கம் இல்லை. பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தாள். “அக்கா, ஒரே ஒரு வேர்டுதான் மாத்தப் போறோம். ‘பாலம் வர முயற்சி செய்வேன்’னு எழுதி சைன் பண்ணுங்க. நீங்க உக்காந்துரலாம்.”

சோலைமுத்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொள்ள, மேனகா உட்காரப்போகிற வாக்கில் பாதி இறங்கி, பேனாவை வாங்கிக் கதவில் அட்டையை வைத்து ‘பாலம் வர மு’ வரைக்கும் எழுதினாள். எழுதும்போதே பின்னால் காற்று இளகுவது தெரிந்தது. நாலு விரல் மூன்று விரலாயிற்று. அந்த இடத்தில் இறங்கிப்போய் உட்கார அவள் உடம்பு முழுக்க ஏங்கியது. பேனா அங்கேயே நின்றது.

“வேணாம் தமயந்தி,” என்றாள். “முயற்சி பண்றோம்னு சொன்ன ஆளுக எல்லாம் நாற்காலியிலதான் உக்காந்திருக்காங்க.”

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தமயந்தி அதற்குப் பிறகு பயிற்சியில் பேனா கொடுப்பதில்லை, பென்சில்தான் கொடுக்கிறாள்.

அந்தப் பேச்சு அன்றைக்கே முப்பத்தொரு வீட்டுக்கும் போய்விட்டது. ஜனவரி இருபத்தாறு கிராமசபையில் மேனகா நின்றபோது, பக்கத்தில் வேலுத்தாய் தானாக எழுந்தாள். அவளுக்கு உட்கார முடியாத கோளாறு எதுவும் இல்லை. அடுத்து அவள் புருஷன் எழுந்தான், பிறகு பூண்டுக்காரர்கள், பிறகு தையல்காரர். ஈச்சம்பள்ளம் மொத்தமும் நின்றது. எல்லாரும் நிற்பதைப் பார்த்துத் தேசிய கீதமோ என்று எண்ணி, மேடையில் இருந்த அதிகாரியும் எழுந்துவிட்டார். எழுந்தவர் உட்காரக் கூச்சப்பட்டு இரண்டு மணி நேரம் நின்றார். பங்குனிக்குள் சிமெண்டுக்கும் கம்பிக்கும் உத்தரவு வந்தது. வேலையாட்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்றார்கள்.

வேலையாட்களாக ஊரே இறங்கியது. வீட்டுக்கு ஒருவர், முறை வைத்து. யாருக்கு எந்த நாள், எது முதலில் எது பிறகு என்று மேனகாதான் சொன்னாள். வரச் சோம்பின வீட்டு வாசலில் போய் நின்றாள், அவ்வளவுதான். மணலும் ஜல்லியும் தலையில் சுமந்து, கொத்தனாருக்கு முன்னால் வந்து, கடைசி ஆளுக்குப் பிறகு போனாள். புரட்டாசி கடைசி வாரம் பாலம் இறுகி முடிந்தது. மூன்றாம் நாள் ஐப்பசி மழை இறங்கியது. ஓடை வழக்கம்போல எதையாவது இழுத்துக்கொண்டு போகலாமென்று வந்து பார்த்துவிட்டு, பாலத்துக்குக் கீழே போயிற்று.

அந்தக் காலையில் ஊர் மொத்தமும் கரையில் நின்று பார்க்க, மேனகா பாலத்தின் நடுவுக்குப் போனாள். உட்காருவது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. சோலைமுத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கால் மடங்கியது. காற்று நாலு விரலில் இருந்து மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிக் கடைசியில் சிமெண்டின் ஈரம் சேலையில் பட்டது. மேனகா சப்பணம் போட்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பார்த்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள்.

பின்னாலிருந்து ரோகிணி குடையும் பையுமாக வந்தாள். “நடுவுல உக்காந்துக்கிட்டியேம்மா. கொஞ்சம் நகரு, பஸ்ஸு போயிரும்.”

மேனகா நகர்ந்து வழிவிட்டாள். பிள்ளை அவளைத் தாண்டி அக்கரைக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் வெரசா மேட்டில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினாலு பேர் போனார்கள்.

“பாலம் வந்து என்ன, பள்ளிக்கூட வேன் இங்கன வரைக்கும் வரணும்ல,” என்றாள் வேலுத்தாய், மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அது வராம நான் உக்கார மாட்டேன்.” சொல்லிவிட்டு மேனகா பக்கத்தில் உட்காரப் போனவள், எழும்பி நின்றாள். யாரும் எழுதவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. இருந்தும் அவள் நின்றாள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாய்த்துப் படுக்கவைப்பது எப்படி என்று சோலைமுத்து அவள் புருஷனுக்குச் சொல்லிக் கொடுத்தான். மேனகா மட்டும் அவள் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய், நின்னா கடுக்கும், நடந்துக்கிட்டே இரு என்றாள்.

இப்போது ஈச்சம்பள்ளத்தில் கூட்டம் என்றால் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் ஆள் கணக்கைக் கேட்டு, அதில் ஒன்றைக் குறைத்துத்தான் இறக்குகிறார்.