அண்ணனுக்குத் தனி டம்ளர்

என் அண்ணன் எல்லாரையும் சந்தேகப்படுவான். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், எதிர் மாடியில் துணி காயப்போடும் பெண், ஒருவர் பாக்கியில்லை. எலக்ட்ரீஷியன் அவன். எங்கள் தெருவில் பாதி விசிறிகள் அவன் மாட்டியவைதான். கடைசியில் சொந்த வீட்டு விசிறியே அவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டது. உன்னை ஒழிக்கப்போகிறார்கள், ஜாக்கிரதை என்று அது சொல்கிறதாம். டாக்டர் இதற்கு ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு என்று பெயர் சொன்னார். நம் பேச்சு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் அந்தக் குரலும் அவனுக்குக் கேட்கும், வாதாடி ஜெயிக்க முடியாது, மருந்து வேண்டும் என்றார்.

மருந்தா? மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, நாம் திரும்பியதும் துப்பிவிடுவான். போன வருடம் அம்மா அதட்டி விழுங்கவைக்கப் பார்த்தாள். வீட்டை விட்டே போய்விட்டான். ஊரெல்லாம் அலைந்து, பஸ் நிலையத்துக் கழிவறைக்குப் பின்னால், காலெல்லாம் புண்ணோடு கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் ஒரே பயம்தான். மறுபடி போனால் கிடைக்கமாட்டான்.

சமீபமாகக் கொஞ்சம் தேவலை. தூங்கினான். விசிறி எங்கோ தூரத்திலிருந்து பேசுகிறது என்றான். ஆனால் கை நடுங்கியது, கழுத்து விறைத்தது, ஒரு ஸ்குரூவைப் பிடிக்க முடியவில்லை. நோய் முற்றுகிறது என்று நான் நினைத்தேன். அவனோ டீயைக் காட்டினான். அம்மா அதில் என்னவோ கலக்கிறாளாம்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். பெற்றவளையே சொல்கிறானே என்று அவன் டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடித்தேன். "ஒண்ணுமே இல்லை. என் தலைமேல சத்தியம்," என்றேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படி வாசலில் நின்ற அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

நான் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். அடுக்கடுக்காக விரித்த துணிமேல் கோடு போட்ட தாளை வைத்து, நிமிர்ந்து நிற்கும் கத்தி மிஷினைக் கோட்டின்மேல் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இடது கையில் கம்பி வலைக் கையுறை இருக்கும், இருந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. அன்று காலர் வளைவில் ஒரு கோடு இரண்டு கோடாகத் தெரிந்தது. கண் சொருகியது. சூப்பர்வைசர் பாய்ந்து வந்து மிஷினை அணைத்தார். விரல் போனால் யார் பதில் சொல்வது, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று திட்டி அனுப்பினார்.

கிளம்பும் முன் தொழிற்சாலைக் குழாயில் முகம் கழுவும்போதுதான் பொறி தட்டியது. அண்ணனுக்கு மட்டும் எதற்குத் தனி டம்ளர்? அவன் கடைசிச் சொட்டு குடிக்கிறவரை அம்மா ஏன் இடத்தை விட்டு நகர்வதில்லை? எல்லாப் பாத்திரமும் என் தலையில் விழும்போது அந்த டம்ளரை மட்டும் அவள் ஏன் உடனே கழுவி வைக்கிறாள்? பஸ்ஸில் உட்கார்ந்து அம்மா சொன்னது, சிரித்தது எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சே, எனக்கும் அந்த நோய் வந்துவிட்டதா என்றுகூடத் தோன்றியது.

பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். அம்மா ஒரு சின்ன புட்டியைச் சாய்த்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே, அவன் டம்ளரில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக மாட்டினாள்.

முதலில் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் சண்டைக்கு வந்தாள். மாத்திரைக்குப் பதிலாக டாக்டர் கொடுத்த சொட்டு மருந்துதானே, விஷமா வைத்தேன் என்றாள். அவனிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கத்தான் டாக்டர் சொன்னாராம், இவள் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குகிறானே என்று தன்னிஷ்டத்துக்குச் சொட்டுகளைக் கூட்டியும் இருக்கிறாள். அதனால்தானே கை நடுங்குகிறது என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதே," என்றாள். "சொன்னா போயிடுவான். அப்புறம் தெருத் தெருவா நீதான் தேடணும்."

அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால், அவனை ஒழிக்கப் பார்க்கிறது என்று அவன் சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"அண்ணா, டீயில மருந்து இருக்கு. டாக்டர் உனக்குக் குடுத்த மருந்துதான். அம்மா கலந்திருக்காங்க. எனக்கே இப்பதான் தெரியும்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. நடுங்கும் கைகளை மடியில் வைத்துப் பார்த்தபடி இருந்தான். தான் சொன்னது சரிதானே என்று கேட்டான். சரிதான் என்றேன்.

"அப்போ விசிறி சொல்றதும் நிஜம்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை, அது நோய், இது அம்மா செய்த தப்பு, அது வேறு இது வேறு என்று என்னென்னவோ சொன்னேன்.

"காலையில டீயிலயும் ஒண்ணுமில்லைன்னு சத்தியம் பண்ணே," என்றான்.

அழுகை வந்தது, அதைவிட அம்மாமேல் ஆத்திரம் வந்தது, அதைவிட என்மேல்.

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். அம்மா ஓடிவந்து தாழ்ப்பாளைப் பிடித்தாள். அவள் கையை நான்தான் விலக்கினேன். அடைத்துவைத்தால் இனி ஜென்மத்துக்கும் எங்களை நம்பமாட்டான். அவன் படியிறங்கித் தெருவில் நடந்தான். தலையெல்லாம் நூல் தூசியோடு நான் அவன் பின்னாலேயே போனேன். நான் நின்றால் நின்றான், நடந்தால் வேகமாக நடந்தான். முனையில் சட்டென்று திரும்பினான். முகம் வெளிறியிருந்தது.

"பின்னாடி வராதே," என்றான். "பின்னாடி யார் வந்தாலும் எனக்குப் பயமா இருக்கு. வர்றதா இருந்தா பக்கத்துல வா."

ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.