பொறுமைத் தாய்க்கு ஒரு கேடயம்

என் வீட்டுக்காரர் சிக்கந்தருக்கு இறையச்சம் அதிகம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார். ‘மனிதர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சாதே, படைத்தவன் ஒருவனுக்கே அஞ்சு.’ பின்னால் ஒரு சூரியோதயப் படமும் இருக்கும். புதுச்சத்திரம் பைபாஸில் லாரி டயருக்கு ரீட்ரேடிங் போடும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிற டிரைவர்கள்கூட, பாய் எவ்வளவு பக்தியான ஆள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவருடைய அம்மாவைத்தான் போன வருஷம் நிக்காஹ்வுக்குக் கேட்டு வந்தார்கள்.

என் மாமியார் பெயர் சபுரா. மாமனார் மாரடைப்பில் போனபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. கைம்பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தா காலத்தை இருந்து முடித்தார், மகனை ஆளாக்கினார், என்னைத் தேடிப்பிடித்து மருமகளாகக் கொண்டுவந்தார். வந்த கையோடு நான் அடுப்பையும் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் தொழுவதும் டிவி பார்ப்பதும் தவிர வேறு வேலை இல்லை.

கேட்டு வந்தது மல்லசமுத்திரம் ஜலாலுதீனின் அக்கா. ஜலாலுதீனுக்கு லாரி பாடி கட்டுகிற பட்டறை. மனைவி இறந்துவிட்டார், ஒரே பெண்ணையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்த அம்மா எங்கள் ஹாலில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, நேராகவே கேட்டார். மாமி யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார். மறுநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“எனக்கு இஷ்டந்தான் கண்ணு. சோத்துக்குத் துணிக்கு இங்க ஒரு கொறையுமில்ல. நோம்பு தொறக்கறப்ப எதுக்கால ஒக்காந்து பேச ஒரு ஆளு வேணும்னு இருக்குது. அது தப்பா?”

தப்பே இல்லை. நபிகள் நாயகம் முதலில் மணந்ததே ஒரு விதவையைத்தான் என்று மதரஸாவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஸ்டேட்டஸ் போடுகிற மனிதர், உடனே சரி என்பார் என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் சிக்கந்தர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“எங்கம்மாளுக்கு நா என்ன கொற வெச்சேன்? தோளுக்கு மேல வளந்த என்னைய ஊட்ல வெச்சுக்கிட்டு நிக்காவா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“யாருங்க அந்த நாலு பேரு? பேரச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டுப்போட்டு வாரேன்.”

முறைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாளிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். தோட்டம் துரவு என்று இருக்கிற குடும்பம், ஊர் வம்பு எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் நடக்காது.

“இதுல பேசறதுக்கு என்னங்க இருக்குது?” என்றார். “எங்க சனத்துல இந்த வயசுல நெனைக்கவே முடியாது. உங்க சாமியே சரின்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் ஊர எதுக்குங்க கேக்கோணும்?”

சிக்கந்தர் பள்ளிவாசலுக்குப் போய், தொழவைக்கும் இமாமான ஹஜ்ரத்திடம் கேட்டார். “ஆனா ஜமாஅத்துல பேச்சு வரும்னு அஜ்ரத்தே சொல்றாரு” என்று திரும்பி வந்தார். அந்த ‘ஆனா’வுக்கு முன்னால் ஹஜ்ரத் என்ன சொன்னார் என்பதை அவருடைய மனைவி மூலம்தான் நான் தெரிந்துகொண்டேன். விதவைக்கு அவள் சம்மதமே போதும், மகன் தடுக்க உரிமை இல்லை, தடுப்பது பாவம் என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் பாவத்தைப் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டு, ‘ஆனா’வை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த வருஷம் அவருக்குப் பள்ளிவாசலை நிர்வகிக்கிற ஜமாஅத் கமிட்டியில் இடம் பிடிக்க ஆசை. மார்க்கம் தடுத்த வட்டித் தொழில் செய்கிற ஒருவர் அதே கமிட்டியில் வருஷக்கணக்காக இருக்கிறார், தொழுகையில் முதல் வரிசையில் நிற்கிறார், அதை யாரும் பேசுவதில்லை. ஹராமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள். ஹலால் வாசல் ஏறி வந்தால் கூசும்.

ஒரு வாரம் கழித்துத் தானாகவே ஒரு யோசனை சொன்னார்.

“சேலத்துல தெரிஞ்ச ஒருத்தர் ஊட்ல வெச்சு கமுக்கமா முடிச்சரலாம். விருந்து வேண்டாம். அம்மா இங்கயே இருக்கட்டும். அவரு எப்பவாச்சும் ஒறம்பற மாதிரி வந்துட்டுப் போகட்டும்.”

மாமி டிவியை அணைத்தார்.

“நிக்காங்கறது ஊருக்குச் சொல்லிச் செய்யறதுடா. ஒளிச்சு வெச்சா அதுக்கு வேற பேரு. நீ எனக்கு நிக்கா பண்ணி வெக்கறியா, இல்ல கெட்ட பேரு வாங்கித் தாரயா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ‘உங்கள் சம்மதமே போதும் மாமி, நான் கூட வருகிறேன், கிளம்புங்கள்’ என்று நான் கெஞ்சினேன். மாமி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். “அவன் மொகம் கோணுமே கண்ணு. இந்த ஊட்டுக்கு அப்பறம் நா எப்படி வாரது?” என்றார். ஜலாலுதீன் நோன்புப் பெருநாள்வரை காத்திருந்தார். பிறகு தம்மம்பட்டியில் ஒரு விதவையை, பள்ளிவாசலில் எல்லோர் முன்னிலையிலும் நிக்காஹ் செய்துகொண்டார். விருந்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. சிக்கந்தர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கூசாமல் சாப்பிட்டிருக்கிறார்.

“பிரியாணி நல்லா இருந்துச்சா?” என்று மாமி கேட்டார்.

“பரவால்லம்மா” என்றார் இவர். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சிக்கந்தருக்குக் கமிட்டியில் இடம் கிடைத்துவிட்டது. இந்த வருஷம் மதரஸா ஆண்டு விழாவில் ‘பொறுமைத் தாய்’ என்று ஒரு விருது வைத்து, அதை மாமிக்கே கொடுப்பதாக முடிவு செய்தார்கள். மாமி வரமாட்டேன் என்றார். கமிட்டி ஆள் வீட்டிலேயே வராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, சிக்கந்தர் காரில் ஏற்றிவிட்டார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு விழா தொடங்கியது. பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி பேசினார். இளவயதில் கணவரை இழந்தும், மறுவாழ்வைப் பற்றி நினைத்தும் பார்க்காமல், அல்லாஹ்வுக்கு அஞ்சி வாழ்ந்த உத்தமி என்றார். நம் பெண்களுக்கெல்லாம் இவர்தான் பாடம் என்றார். என் பக்கத்தில் இருந்த கைம்பெண் ஒருத்தி, இன்னும் முப்பதுகூட ஆகாதவள், தலையைக் குனிந்துகொண்டாள். கேடயத்தையும் மைக்கையும் திரைக்கு உள்ளே கொடுத்து, ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். ‘ஜஸாகல்லாஹ்’ என்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மாமி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். முத்தவல்லி தப்பாச் சொல்லிப்போட்டாருங்க. நா நெனச்சுப் பாத்தேன். ஆசப்பட்டேன். அது ஹலால்னு தெரிஞ்சுதான் ஆசப்பட்டேன். அத உட்டது அல்லாவுக்குப் பயந்து இல்லீங்க. நா எம் மகனுக்குப் பயந்தேன். எம் மகன் உங்களுக்கெல்லாம் பயந்தான். நீங்க யாருக்குப் பயப்படறீங்கன்னு எனக்குத் தெரியல. இப்படிப் பயந்த பாவத்துக்கு இது வேண்டாமுங்க.”

கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.  திரைக்கு அந்தப் பக்கம் யாரோ அவசர அவசரமாக ஒரு பிள்ளையைக் குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதச் சொன்னார்கள்.

காரில் வீடு வந்து சேர்ந்தோம். மாமி நேராகத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனார். சிக்கந்தர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது. அம்மா மனசு நோகும்படி நடந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன்.

“வெளி ஸ்பீக்கர் போட்டிருந்தாங்களா?” என்றார்.

“போட்டிருந்தாங்க” என்றேன். “பைபாஸ் வரைக்கும் கேட்டுச்சாம்.”

அங்கேயே, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். படைத்தவனுக்கும் கேட்டிருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவரைப் பொறுத்தவரை அது கணக்கில் வராத காது என்று விட்டுவிட்டேன்.